120 சென்டிமீட்டர்

"அன்னைக்குப் பிள்ளை யார் பொறுப்புல இருந்துச்சு?"

குழந்தைக்கு அடிபட்டது என்று வரும் எந்த வழக்கிலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாளையங்கோட்டையில் என் அலுவலகத்துக்கு அந்தத் தம்பதி வந்தபோதும் கேட்டேன். கணவன் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பதில் சொன்னார். "எல்லாரும் இருந்தோம் சார். எங்க அத்தை இருந்தாவ, மைனி இருந்தாவ, ஆபீஸ்காரங்க இருந்தாவ, பார்க்காரங்களும் இருந்தாவ." சொல்லிக்கொண்டே வந்தவர் அதற்கு மேல் முடியாமல் அழத் தொடங்கினார். ஏழு வயது மகள் வலது கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டபடி, என் மேசையில் கிடந்த ரப்பர் முத்திரைகளை இடது கையால் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கொரோனா முடக்கங்கள் ஓய்ந்தபின் வந்த முதல் முழுக் கோடை விடுமுறை அது. தந்தை வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் 'குடும்ப நாள்' என்று அறிவித்து, ஊழியர்களின் குடும்பங்களைப் பஸ்களில் ஏற்றிப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனது. விடியற்காலையில் வண்ணார்பேட்டையில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நிறுவனத்தின் பெயரும் பூங்காவின் பெயரும் இங்கே தேவையில்லை.

பூங்காவில் கொலம்பஸ் இருந்தது. கப்பல் வடிவத்தில் முன்னும் பின்னும் ஊஞ்சலாடும் அந்தச் சாதனத்துக்குத் தமிழ்நாடு முழுக்க இதே பெயர்தான். வாசலில் ஓர் உயரப் பலகை. 120 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, சிவப்புக் கோடும் போட்டிருந்தார்கள். குழந்தையின் உயரம் 112. பலகைக்குப் பக்கத்தில் நின்ற பையன் முதலில் தயங்கியிருக்கிறான். பின்னால் நின்ற யாரோ, "அப்பா கூடத்தானே உக்காருதா, விடுங்க தம்பி" என்றார்கள். வரிசை நீண்டுகொண்டே போனது. "சரி, நடுவுல உக்கார வைங்க" என்று அவன் வழிவிட்டான்.

அந்த இருக்கையில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தடுப்புக்கம்பி. நான் பிறகு நேரில் போய், பெரியவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். கம்பி கீழே இறங்கும்போது யாருடைய வயிற்றில் முதலில் முட்டுகிறதோ அங்கே நின்று பூட்டிக்கொள்ளும். அன்று ஒரு பக்கம் தந்தை, மறுபக்கம் அவருடைய அக்கா. அந்த அக்காவின் இடுப்பில் கம்பி நின்றுவிட்டது. நடுவில் இருந்த குழந்தைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. அவள் கால் தரையைத் தொடவில்லை. கப்பல் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் உடம்பு இருக்கையை விட்டு லேசாக எழும்பும். அந்தச் சாதனத்தின் சந்தோஷமே அதுதான். பெரியவர்களைக் கம்பி பிடித்துக்கொண்டது. குழந்தை கம்பிக்கு அடியில் வழுக்கி முன்னால் இருந்த பள்ளத்தில் விழுந்தாள். முழங்கை இருக்கைச் சட்டத்தில் மாட்டியது.

தந்தை கத்தியிருக்கிறார். கீழே இருந்த பையனும் உடனே விசையை அணைத்திருக்கிறான். ஆனால் கொலம்பஸ் அப்படிச் சட்டென்று நிற்கும் பொருள் அல்ல. கப்பலின் அடிவயிற்றை உரசிச் சுழலும் ஒரு டயர்தான் அதை ஆட்டுகிறது, அதே டயர்தான் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தவும் செய்கிறது. அது அடங்கும்வரை குழந்தை அங்கேயே கிடந்தாள்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நல்ல மருத்துவர்கள் கையில் அவள் கிடைத்தது குடும்பத்தின் அதிர்ஷ்டம். முழங்கைக்கு மேல் எலும்பு முறிவு, கூடவே நரம்பிலும் அடி. எலும்பு கூடிவிட்டது. சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் பலம் முழுதாகத் திரும்பவில்லை. மருத்துவக் குழு நிரந்தர ஊனம் 20 சதவீதம் என்று சான்று தந்தது. அவள் எழுதும் கை அது.

இனி வழக்கு. அந்த மாவட்டத்துக் காவல்நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தது. அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 338-ஆம் பிரிவு, கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்தியது. குற்றம்சாட்டப்பட்டவர் ஒரே ஒருவர், கம்பி போட்ட அந்தப் பையன். பத்தொன்பது வயது. சீசனுக்காகத் தினக்கூலிக்கு எடுத்த ஆள். மேலாளர் பெயரும் இல்லை, மேற்பார்வையாளர் பெயரும் இல்லை, உரிமையாளர் பெயரும் இல்லை. என் தொழில் வாழ்க்கை முழுக்க இதைப் பார்த்து வருகிறேன். விபத்து நடந்தால் காவல்துறையின் கை கடைசிப் படியில் நிற்பவனின் சட்டையைத்தான் முதலில் பிடிக்கிறது. பெரும்பாலும் அதோடு நின்றும்விடுகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

குடும்பம் கேட்டது நஷ்டஈடு. பூங்கா வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நெல்லையிலேயே வழக்குப் போட முடிந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர உரிமை தருகிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அந்த வசதி இல்லை. கையில் கட்டுப்போட்ட குழந்தையோடு வாய்தாவுக்கு வாய்தா இன்னொரு ஊருக்கு அலைய வேண்டியிருந்தால், பாதிக் குடும்பங்கள் வழக்கே வேண்டாம் என்று விட்டுவிடும்.

தந்தைக்கு ஒரு பயம் இருந்தது. "கம்பெனியையும் சேக்கணுமா அண்ணாச்சி? சோறு போடுத எடம்." அவர் பயம் நியாயமானது. நான் அவருக்கு ஜாம்ஷெட்பூர் வழக்கைச் சொன்னேன். 1989 மார்ச் 3-ஆம் தேதி, ஜாம்ஷெட்ஜி டாடாவின் 150-ஆவது பிறந்தநாளை டாடா ஸ்டீல் நிறுவனம் கொண்டாடியது. ஊழியர்களும் மனைவி மக்களும் உட்கார்ந்திருந்த பந்தலில் தீப்பிடித்து 60 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். லதா வாத்வா என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அந்த வழக்கில் முன்னாள் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் இழப்பீட்டைக் கணக்கிட்டுத் தந்தார். 2001-இல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளுக்கான தொகையை அதற்கும் மேல் உயர்த்தியது. விருந்துக்கு அழைத்தவருக்குப் பொறுப்பு உண்டு, அதைக் கேட்பது நன்றி மறந்த செயல் ஆகாது என்று அவருக்குப் புரிய வைக்கத்தான் அதைச் சொன்னேன். கடைசியில் நிறுவனத்தை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்த்தோம். அவர்களும் நாகரிகமாகவே நடந்துகொண்டார்கள். அவருடைய வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பூங்கா மூன்று வாதங்களை வைத்தது. பணம் கட்டியது நிறுவனம், எனவே குழந்தை 'நுகர்வோர்' அல்ல என்பது ஒன்று. இது நிற்கவே இல்லை. 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், பணம் கட்டிய பெற்றோரும் சேவையைப் பெற்ற குழந்தையும் இருவருமே நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு யார் கொடுத்திருந்தாலும் கப்பலில் ஏறியவள் குழந்தை.

நுழைவுச்சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில் 'விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சிட்டிருக்கிறதே என்பது அடுத்தது. அதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. சலவைக்குப் போட்ட துணி தொலைந்துபோன வழக்கு, லில்லி ஒயிட் என்ற சலவை நிறுவனத்தின் பெயரில் 1966-இன் சட்ட இதழ்களில் வெளிவந்தது. துணி தொலைந்தால் மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சிட்டிருந்தார்கள். இத்தகைய நிபந்தனையை ஏற்றால் அது அலட்சியத்துக்கே ஊக்கம் தருவதாகும், பொது நலனுக்கு எதிரானது என்று நீதிமன்றம் தள்ளியது. துணிக்கே செல்லாத வாசகம் குழந்தையின் கைக்குச் செல்லுமா என்று நுகர்வோர் ஆணையத்தின் முன் கேட்டேன். தலைவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

உண்மையான போராட்டம் மூன்றாவது வாதத்தில்தான். "உயரப் பலகை இருந்தது. பெற்றோர் படித்தவர்கள். தெரிந்தே ஏற்றினார்கள். எங்கள் ஊழியரை வற்புறுத்தினார்கள்." கேட்பதற்கு வலுவான வாதம். ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள். அந்தத் தாயின் காதுபடவே, 'பெத்தவளுக்கு அறிவு வேண்டாமா' என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சட்டத்தில் இதற்குப் பாதி விடை முன்பே உண்டு. ஏழு வயதுக் குழந்தைமேல் கவனக்குறைவைச் சுமத்த முடியாது. தாய் தந்தையின் கவனக்குறைவைக் குழந்தையின் கணக்கில் எழுதி அவளுக்குச் சேரவேண்டியதைக் குறைக்கவும் முடியாது. ஆனால் நான் அதோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. அந்தத் தாய் குற்றவாளிபோல உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நான் ஆற்றங்கரையில் வளர்ந்தவன். குறுக்குத்துறையில் குளிக்கப் போனால் ஆச்சி படித்துறையில் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பாள். எந்தப் படிக்குக் கீழே பாசி, எங்கே சுழல், பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் எப்போது இங்கே வந்து சேரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் காவல் காக்க முடிந்தது. கொலம்பஸில் அந்தத் தாய்க்கு என்ன தெரியும்? கம்பி மூன்று பேருக்கும் பொதுவாகப் பூட்டும், பருமனானவரின் இடுப்பில் நின்றுவிடும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் குழந்தைக்கு ஆபத்து கூடத்தான் செய்யும் என்று எந்தப் பெற்றோருக்குத் தெரியும்? அப்பாவின் அருகே இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைப்பது மனித இயல்பு. இயந்திரத்தின் உள் விவரம் பூங்காவுக்கு மட்டுமே தெரியும். தெரிந்தவருக்குத்தான் 'கூடாது' என்று சொல்லும் கடமை. பெற்றோர் கெஞ்சினாலும் சொல்ல வேண்டும். கெஞ்சும்போது இன்னும் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

இதற்குத் துணையாக எம்.எஸ். கிரேவால் வழக்கை வைத்தேன். 1995 மே 28-ஆம் தேதி பதான்கோட் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி குழந்தைகளைப் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போனது. 14 குழந்தைகள் மூழ்கி இறந்தார்கள். கூட்டிப்போன ஆசிரியர்கள் பெற்றோருக்குரிய கவனத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லி, குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் என்ற இழப்பீட்டை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குழந்தையைத் தன் எல்லைக்குள் ஏற்றுக்கொண்டவர், அவர் பள்ளியானாலும் பூங்காவானாலும், அந்த நேரத்துக்குப் பெற்றோரின் இடத்தில் நிற்கிறார்.

நுகர்வோர் ஆணையத்தில் சாட்சிக் கூண்டு விசாரணை அபூர்வம். நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்வார்கள், குறுக்கு விசாரணைக்குப் பதில் வினாப்பட்டியல் கொடுக்கலாம். பூங்காவுக்கு நான் கொடுத்த பட்டியலில் ஒரு கேள்வி இது: உயரம் குறைவு என்பதற்காகக் கடந்த ஓராண்டில் இந்தச் சாதனத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள்? பதில் எழுத்தில் வந்தது. 'அனுமதி மறுக்கப்பட்டவர்கள் குறித்துப் பதிவேடு பராமரிக்கப்படுவதில்லை.'

அந்த ஒரு வரிதான் வழக்கு. ஓராண்டு முழுக்க ஒரு குழந்தையையாவது திருப்பி அனுப்பியதற்கு அவர்களிடம் சான்று இல்லை. பலகை சுவரில் தொங்கியது, அவ்வளவுதான். கேளிக்கைச் சாதனங்களின் பாதுகாப்புக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 15475 என்ற தர நெறி உண்டு. அதைப் பின்பற்றுவதாகப் பூங்கா தன் பதிலுரையில் பெருமையாகச் சொல்லியிருந்தது. தினசரிச் சோதனைத் தாள்களை வரவழைத்துப் பார்த்தால், ஒரு மாதத்துத் தாள்கள் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், எல்லாக் கட்டத்திலும் சரி என்ற குறியோடு இருந்தன.

அந்தப் பையனும் ஒரு வாக்குமூலம் கொடுத்தான். வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டவனைக் குழந்தையின் தந்தையே தேடிப் போய்க் கேட்டார். 'குரூப் புக்கிங் வந்தா யாரையும் மொகம் சுளிக்க வைக்காதே' என்று மேற்பார்வையாளர் காலையிலேயே சொல்லியிருந்தாராம். யாரை ஏற்றக்கூடாது என்று பலகை சொன்னது. அதைச் சொல்லும் அதிகாரத்தை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

புகைப்படமும் உதவியது. குடும்ப நாளுக்கு நிறுவனம் அமர்த்திய புகைப்படக்காரர் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றில், வரிசையில் நின்ற எங்கள் குழந்தை உயரப் பலகையை ஒட்டிச் சிரித்தபடி நிற்கிறாள். சிவப்புக்கோடு அவள் உச்சிக்கு மேலே தெளிவாகத் தெரிகிறது. ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகள் பொருந்தாது என்றாலும், மின்னணு ஆவணத்துக்கு அப்போது நடப்பில் இருந்த 65-பி சான்றையும் சேர்த்தே தாக்கல் செய்தேன். இளம் வழக்கறிஞர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: குழந்தை வழக்கில் எந்த ஓட்டையையும் விட்டுவைக்காதீர்கள்.

இதெல்லாம் ஏதோ ஒரு பூங்காவில் நடந்த தனிச் சம்பவம் என்று நினைத்துவிடக்கூடாது. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல் சாதனம் முறிந்து இருவர் இறந்தார்கள். 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போது ஓர் ஊழியர் உயிரிழந்தார். 2018 பிப்ரவரியில் ஹரியானாவின் பிஞ்சோரில் கோ-கார்ட் சக்கரத்தில் கூந்தல் சிக்கி ஓர் இளம் தாய் இறந்தார். கேளிக்கை இடங்களுக்கு உரிமம் தரும் நம் மாநிலச் சட்டமோ 1888-இல் இயற்றியது, நெல்லை மின்விளக்கையே பார்த்திராத காலம். மின்சார ராட்டினத்தில் யார் ஏறலாம், யார் அளக்க வேண்டும், அளப்பவனை யார் பயிற்றுவிக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லும் புதிய சட்டம் நமக்கு வேண்டும். திருவிழாவுக்குத் திருவிழா ஊர் ஊராகப் போய் இறங்கும் ராட்டினங்களும் அதற்குள் வர வேண்டும்.

தண்ணீரிலும் இதே கதைதான். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தபோது பாளையங்கோட்டையைச் சேர்ந்த 17 வயது மாணவன் அடித்துச் செல்லப்பட்டான். அருவியில் குளிக்கிறவருக்கு மலைமேல் பெய்யும் மழை தெரியாது. முன்கூட்டி அறியக்கூடிய இடத்தில் இருப்பவர்கள்தான் எச்சரிக்க வேண்டும்.

ஆணையத்தின் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. இழப்பீட்டுக்கு அளவுகோலாக மல்லிகார்ஜுன் வழக்கைக் காட்டியிருந்தேன். வாகன விபத்தில் ஊனமடைந்த குழந்தைகளுக்கு, ஊனம் 10 சதவீதத்துக்கு மேல் 30 சதவீதம் வரை என்றால் 3 லட்சம் ரூபாய் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு அது. ஆணையம் அதை ஏற்றது. மருத்துவச் செலவும், பெற்றோரின் மனவேதனைக்கென ஒரு தொகையும், வழக்குச் செலவும் தனி. குழந்தையின் பங்கு தேசிய வங்கி ஒன்றில், அவளுக்கு 18 வயது நிறையும்வரை வைப்புத்தொகையாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைத் தாய் எடுத்து அவள் சிகிச்சைக்கும் படிப்புக்கும் செலவிடலாம். சாதனத்தின் வாசலில் உயரம் பார்க்கத் தனி ஆள் வேண்டும், மறுப்புகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. பணத்தைவிட இந்த வரிக்காகத்தான் நான் அன்று மகிழ்ந்தேன். பெற்றோர்மீது எந்தத் தவறும் காணவில்லை என்று தீர்ப்பில் இருந்த பத்தியை அந்தத் தாய்க்கு நானே தமிழில் படித்துச் சொன்னேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

இந்தக் கோடையிலும் நிறுவனங்கள் பஸ் ஏற்பாடு செய்யும், பள்ளிகள் சுற்றுலா கிளம்பும். ஏற்பாட்டாளர்களிடம் புறப்படும் முன்பே கேளுங்கள்: அங்கே உயரம் அளப்பது யார், முதலுதவிக்கு யார், எங்கள் பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணப்போவது யார் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். வாசலில் ஒரு பையன் 'பாப்பாவை ஏத்த முடியாதுங்க' என்று சொன்னால் அவனோடு வாதாடாதீர்கள். அவனுக்குப் பின்னால் நிற்கும் வரிசையையும் அடக்குங்கள். ஒருவேளை அடிபட்டுவிட்டால் சீட்டு, கைப்பட்டை, படங்கள், மருத்துவக் காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, அதற்குள் போங்கள்.

அந்தப் பையன்மேல் இருந்த குற்றவழக்கு மட்டும் மிச்சம் இருந்தது. 338-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் நீதிமன்ற அனுமதியோடு ராஜி செய்துகொள்ளக்கூடிய குற்றம். குழந்தைக்காக அவள் காப்பாளர் கேட்கலாம். "அந்தத் தம்பி மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று தாய் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பூங்கா தொகையைக் கட்டிய பிறகு கணவனும் மனைவியும் அந்த ஊர் நடுவர் நீதிமன்றத்துக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். நடுவர் இருவரையும் விசாரித்து அனுமதி தந்தார். அந்தப் பையன் விடுவிக்கப்பட்டான்.